மயில் மார்பில் ஒரு கழுதை

இஸ்ஃபஹான் நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் யாராவது ஒருவர் வாழ்க்கைக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எஃகில் தங்கம் பதிக்கும் உஸ்தா ஹெஷ்மத்துக்கு மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எழுத வேண்டியவர்களில் பாதிப் பேரை அவர் கழுதையாக்கி வைத்திருந்ததால், அதை மறதி என்று சொல்லிவிட முடியாது.

ஹெஷ்மத்தின் தகப்பனார் குளிர்காலத்தில் தெருமுனையில் நின்று வேகவைத்த பீட்ரூட் விற்றவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் கழுத்தை ஒட்டகத்தின் கழுத்தாக நீட்டிப் பலகையில் வரைந்ததோடு மகனின் கல்வி நிறைவு பெற்றது. பெரிய மைதானத்தின் பின்சந்தில், உலோக வேலைக்காரர்கள் நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே வாத்தியார்களும் இல்லை, யார் பேசுவதும் யாருக்கும் காதில் விழுவதும் இல்லை. ஹெஷ்மத்துக்கு இடம் பிடித்துப்போயிற்று.

எஃகில் தங்கம் தானாக ஒட்டாது. முதலில் எஃகின் முகத்தை மெல்லிய உளியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கரடாக்க வேண்டும். விரலால் தடவினால் பூனையின் நாக்கு மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பற்களின் மேல் தலைமுடிக் கனத்துத் தங்கக் கம்பியை வளைத்து வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினால் எஃகு அதைக் கடித்துக்கொள்ளும். பிறகு தணலில் காட்டி எஃகை நீலமாக்கிக் கல்லால் தேய்த்தால், நீல வானத்தில் மின்னல் உறைந்துபோன மாதிரி தங்கம் நிற்கும். கடித்ததை எஃகு விடாது. தங்கத்தை நெம்பி எடுத்தாலும் அடியில் கீறல் அதே உருவத்தில் நிற்கும். மான் போட்டால் மான், கழுதை போட்டால் கழுதை.

ஹெஷ்மத் வளர்ந்து, சொந்தப் பட்டறை வைத்து, இஷ்ரத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, மொட்டைத் தலையும் முள்தாடியுமாக நாற்பதைத் தாண்டிய காலத்தில் ஊரிலேயே சாதுவான மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் "உங்க இஷ்டம்" என்பார். ஆனால் வாயில் வராத பதில் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அவருக்கு அது கைவழியாக இறங்கியது. அளவுக்கு மீறித் தொந்தரவு கொடுத்தவரின் சாமானில், ஓடும் மான்களுக்கும் கொடிகளுக்கும் நடுவில் எங்கேயோ, பார்லி மணியளவில் ஒரு கழுதை நிற்கும். அதற்கு அந்த வாடிக்கையாளரின் முகம் இருக்கும். காசு கொடுத்தவர்கள் பளபளப்பைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் உற்றுப் பார்த்ததில்லை. ஆகவே ஹெஷ்மத் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவர் ஹாஜி யதுல்லா. கஸ் மிட்டாய்த் தொழிற்சாலை முதலாளி. பிஸ்தா போட்ட வெள்ளை மிட்டாயை மாவில் புதைத்துப் பெட்டி பெட்டியாக நாடெங்கும் அனுப்புகிறவர். தன் விருந்தறையில் வைக்க ஓர் எஃகு மயில் வேண்டும் என்று வந்தார். வந்தவர் போகவில்லை. மயில் முடிகிறவரை தினமும் வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தார். நொறுங்கிப்போய் விற்க முடியாத மிட்டாய்த் துணுக்குகளை ஒரு பொட்டலத்தில் கொண்டுவந்து தானே தின்றுகொண்டு யோசனை சொன்னார்.

"உஸ்தா, வால் இன்னும் கொஞ்சம் விரியட்டுமே."

"உங்க இஷ்டம் ஹாஜி."

"கழுத்துல தங்கம் பத்தாது. தெருவுல போறவனுக்கும் தெரியணும்."

"உங்க இஷ்டம்."

"அப்புறம் ஒண்ணு, மயில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கணும்."

எஃகு மயிலைச் சிரிக்க வைப்பது எப்படி என்று ஹெஷ்மத் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹாஜி பட்டறையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பி, "எனக்கு மட்டும் நேரம் இருந்தா இதை நானே செஞ்சுடுவேன். மிட்டாய் வெட்டுற கைக்கு இது என்ன பெரிய வித்தையா?" என்றார்.

"உங்க இஷ்டம் ஹாஜி" என்றார் ஹெஷ்மத். கை மட்டும் லேசாக அரித்தது.

அன்றைக்கு மயிலின் இடது இறக்கைக்குக் கீழே, மார்போரமாக, மான் கூட்டத்தில் ஒரு கழுதை சேர்ந்துகொண்டது. விலை கேட்டதும் ஹாஜிக்கு மேலே ஏறுகிற வலது புருவம், மூக்குக்கு மேலே வந்து சேர்ந்துகொள்ளும் இடது புருவம், முன்னால் தள்ளிய கீழுதடு எல்லாம் அதற்கு இருந்தன. ஹாஜியின் இடது நாசியோரம் ஒரு மரு உண்டு. பேரம் பேசும்போது அதை விரலால் உருட்டிக்கொண்டே இருப்பார். ஹெஷ்மத் மருவை மட்டும் விட்டுவிட்டார். பின்னால் வம்பு வந்தால் 'ஹாஜிக்கு மரு உண்டு, கழுதைக்கு இல்லை' என்று சொல்லிக்கொள்ள ஒரு வாசல் வேண்டுமே என்ற முன்யோசனை. மயில் ஹாஜியின் வீட்டுக்குப் போயிற்று. கண்ணாடிக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

ஹெஷ்மத்தின் மகள் ஃபரங்கீஸ் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். நன்றாகத் திடமாக இருந்த ஓர் இளைஞன் அந்தக் கடைக்குத் தினமும் தலைவலி மாத்திரைக்கு வந்துகொண்டிருந்தான். ஒருநாள் அவன் மாத்திரை வாங்க மறந்துவிட்டுப் போனதும் விஷயம் இரண்டு பேருக்கும் தெளிவாகிவிட்டது. ஃபரங்கீஸ் அம்மாவிடம் சொன்னாள். இஷ்ரத் அதைக் காலைத் தேநீரோடு கணவரிடம் கொண்டுவந்தாள்.

"பையன் யாருன்னு கேட்க மாட்டீங்களா?"

"யாரு?"

"மிட்டாய் ஹாஜி யதுல்லாவோட ரெண்டாவது பையன். கியூமர்ஸ்."

ஹெஷ்மத் பல்லிடுக்கில் வைத்திருந்த சர்க்கரைக் கட்டி மடியில் விழுந்தது.

"ஏன் முகம் இப்படிப் போகுது? நல்ல குடும்பந்தானே?"

"நல்ல குடும்பந்தான். அவங்க வீட்டு மயிலும் நல்ல மயில்தான்."

இஷ்ரத் இத்தனை வருஷம் இந்த மனிதரோடு குடித்தனம் செய்தவள். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.

"எந்த இடத்துல?" என்றாள்.

"இடது இறக்கைக்குக் கீழே."

"ரொம்பப் பெருசா?"

"பார்லி மணி."

"அவரை மாதிரி இருக்குமா?"

தன் வேலையைத் தானே குறைத்துச் சொல்ல ஹெஷ்மத்துக்கு வாய் வரவில்லை. "அச்சு அசல்" என்றார்.

அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஃபரங்கீஸ் வெளியே வந்தாள். அழவில்லை. "அப்பா, இந்தக் கல்யாணம் உங்க கழுதையால நின்னுச்சுன்னா, நான் வேற எங்கேயும் போக மாட்டேன். உங்க பட்டறைக்கு வந்து எதிர்ல உட்கார்ந்து, காலம் பூரா உங்க மூஞ்சியையே பார்த்துட்டு இருப்பேன்" என்றாள். ஹெஷ்மத்துக்கு அவளுடைய பார்வை தெரியும். ஹாஜியின் புருவத்தைவிட அது பயங்கரம்.

ஹாஜி குடும்பத்தார் பூங்கொத்தோடும், தங்கள் தொழிற்சாலை மிட்டாய்ப் பெட்டியோடும் பெண் கேட்டு வந்தார்கள். ஃபரங்கீஸ் தேநீர் கொண்டுவந்தாள். கியூமர்ஸ் கோப்பையை வாங்காமல் அவளையே பார்த்ததில் கொஞ்சம் தளும்பியது. எல்லாம் முறைப்படி நடந்தது. எழுந்து போகும்போது ஹாஜி சொன்னார்:

"நிச்சயதார்த்தத்தை எங்க வீட்டுலயே வெச்சுக்குவோம் சம்பந்தி. கடைவீதி மொத்தத்தையும் கூப்பிடப் போறேன். மயிலைக் கூண்டுலேருந்து எடுத்து ஒவ்வொருத்தன் கையிலயும் கொடுத்து, 'பாரு, என் சம்பந்தி கைவேலை, கிட்டக்க வெச்சுப் பாரு'ன்னு காட்டணும்."

அதற்குள் மயிலைப் பட்டறைக்குக் கொண்டுவந்து கழுதையின் மேல் ஒரு கொடியைப் படரவிட்டாக வேண்டும் என்று ஹெஷ்மத் முடிவு செய்தார். மறுநாளே ஹாஜியின் கடைக்குப் போய், மயிலுக்கு மெருகு மங்கியிருக்கும், இரண்டு நாள் கொடுத்தால் இலவசமாகப் புதுப்பித்துத் தருகிறேன் என்றார். இஸ்ஃபஹானில் இலவசம் என்ற சொல்லைக் கேட்டால் எவனும் முதலில் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பான். ஹாஜி மருவை உருட்டிக்கொண்டு, "மெருகெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அன்று மாலையே கண்ணாடிக் கூண்டுக்கு ஒரு பூட்டு வாங்கினார்.

இஷ்ரத் திட்டினாள். ஃபரங்கீஸ் பார்த்தாள். ஹெஷ்மத்துக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அது ஊர் வழக்கத்துக்கு விரோதமானது.

விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால், வீட்டுக்காரர் 'அது உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க' என்று சொல்லியாக வேண்டும். 'ஐயோ, உங்ககிட்ட இருந்தாத்தான் அதுக்கு அழகு' என்று விருந்தாளி மறுத்தாக வேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை அங்குமிங்கும் போய்வந்தபின் பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு பக்கமும் மனம் நிறையும். ஊருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த முறையில் ஒரு தேக்கரண்டிகூட வீடு மாறியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பெண் வீட்டாரை ஹாஜி விருந்துக்கு அழைத்திருந்தார். கடைசிப் பேச்சு பேசி நாள் குறிப்பதற்கு. விரிப்பில் குங்குமப்பூச் சோறும், ஆல்பகோடாப் பழம் போட்ட கோழியும் வந்தன. ஹாஜியின் மனைவி மாஹ்ருக் கானூம் பரிமாறினாள். சோறு தட்டில் விழுந்ததும் ஹெஷ்மத் நிமிர்ந்து கூண்டைப் பார்த்தார்.

"மயில் ரொம்ப நல்லா இருக்கு ஹாஜி."

தன் வேலையைத் தானே புகழும் வேலைக்காரனை அந்த வீடு முதல்முறையாகப் பார்த்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். ஹாஜி நெஞ்சில் கை வைத்தார்.

"அது உங்களுக்குத்தான் சம்பந்தி. எடுத்துக்கோங்க."

"சரி" என்றார் ஹெஷ்மத்.

பரிமாறும் கரண்டி அந்தரத்தில் நின்றது. கியூமர்ஸ் ஆல்பகோடாக் கொட்டையை விழுங்கிவிட்டான். இஷ்ரத் தன் தட்டுக்குள் இறங்கிவிடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்று ஹாஜி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

"நெசமாத்தான் சொல்றேன். உங்க வீட்டுல இருந்தா எங்க வீட்டுல இருக்கற மாதிரி."

"அதான் சரின்னுட்டேனே. போகும்போது எடுத்துட்டுப் போறேன்."

ஹாஜியின் வலது புருவம் ஏறியது. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. வாசலில் வைத்துச் சொல்லியிருந்தாலாவது காற்றில் போயிற்று என்று விடலாம். இத்தனை பேர் எதிரில் சோற்றுத் தட்டின் முன் சொன்னது. மெல்ல எழுந்து, சாவியைத் தேடி, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார்.

"கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பார்த்துக்கறேன்" என்றார். "வாங்கினதுலேருந்து கிட்டக்க வெச்சுப் பார்த்ததே இல்லே."

ஹெஷ்மத் இதை எதிர்பார்க்கவில்லை. சும்மா இருந்திருந்தால் மயில் கூண்டிலாவது இருந்திருக்கும். இப்போது அது ஜன்னல் வெளிச்சத்தில் ஹாஜியின் மடியில் கிடந்தது. ஹாஜி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வாலைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். வலது இறக்கையைத் தடவினார். பிறகு மயிலைத் திருப்பினார். ஹெஷ்மத் தரைவிரிப்பிலிருந்த பூக்களை எண்ண ஆரம்பித்தார்.

"உஸ்தா."

சம்பந்தி போய் மறுபடி உஸ்தா ஆகிவிட்டதை ஹெஷ்மத் கவனித்தார்.

"மான் கூட்டத்துல ஒரு கழுதை நிக்குது."

"எஃகு சில சமயம் கையை இழுத்துடும் ஹாஜி."

"எங்கேயோ பார்த்த மூஞ்சியா இருக்கே." மயிலை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "நல்லாப் பழகின மூஞ்சி. ஏம்மா, இங்கே வா. இது யாருன்னு சொல்லு."

மாஹ்ருக் கானூம் வந்து குனிந்தாள். கழுதையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். முக்காட்டின் ஓரத்தை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் துணிக்குள்ளிருந்து.

ஃபரங்கீஸ் அப்பாவைப் பார்த்தாள். ஹெஷ்மத் எழுபத்து மூன்றாவது பூவில் நின்றுவிட்டார்.

ஹாஜி தொடையில் அறைந்தார்.

"இதுல என்ன சந்தேகம்? இஸ்கந்தர்!"

ஹாஜி இஸ்கந்தர் என்பவர் ஆற்றின் அக்கரையில் கஸ் மிட்டாய் செய்கிறவர். யதுல்லாவின் பரம வைரி. குண்டு முகம், புருவமே தெரியாத நெற்றி.

"இந்தத் தூக்கின புருவத்தைப் பாரு. அப்படியே அந்த அற்பப் பயதான்" என்றார் ஹாஜி, புருவத்தைத் தூக்கிக்கொண்டு. "உதட்டைப் பாரு. விலை சொன்னா இப்படித்தான் உதட்டைத் தள்ளுவான், கஞ்சப் பிசினாறி." சொல்லிவிட்டு உதட்டைத் தள்ளிக் காட்டினார். கியூமர்ஸ் பலமாக இருமினான். "அதான் சம்பந்தி மயிலைத் திரும்பக் கேட்டீங்களா? அவன் பார்த்துடுவான்னு பயமா? எனக்காக இவ்வளவு பெரிய காரியம் செஞ்சுட்டு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"அது வந்து... அடக்கம்தான் ஹாஜி" என்றார் ஹெஷ்மத்.

ஹாஜி மயிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இதை மட்டும் கேட்காதீங்க. கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கிக்கறேன், ஊர் என்ன வேணாலும் பேசட்டும். இதுக்குப் பதிலாப் பையனை வெச்சுக்கோங்க."

கியூமர்ஸ் ஒப்புக்குக்கூட மறுக்காமல் சம்மதித்தான். அந்த வீட்டில் ஒரே நாளில் வழக்கம் மூன்றாவது முறை மீறப்பட்டது. நாள் குறித்தார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாஹ்ருக் கானூம் ஹெஷ்மத்தின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உஸ்தா, மருவை விட்டுட்டீங்க."

ஹெஷ்மத்தின் கால் செருப்புக்குள் போகாமல் நின்றது.

"கூண்டைத் தூசி தட்டறவ நான்தானே? வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். இவர் என்கிட்ட எரிஞ்சு விழற அன்னிக்கெல்லாம் உள்ளே போய் இறக்கைக்குக் கீழே ஒரு பார்வை பார்த்துட்டு வருவேன். மனசு லேசாயிடும்."

"மன்னிக்கணும் கானூம்."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? மரு வேணும். அது இல்லாம எனக்கு என்னமோ குறையாவே இருக்கு."

"மருவைப் போட்டா கண்டுபிடிச்சுடுவாரே."

"குடும்பம் நடத்தறது நானா நீங்களா? நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி வந்து போட்டுட்டுப் போங்க. வரலைன்னா கழுதை யாருன்னு நானே அவர்கிட்ட சொல்லிடுவேன். அப்புறம் கல்யாணமாவது ஒண்ணாவது."

ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் ஹெஷ்மத் ஓர் உளி, சின்னச் சுத்தி, ஒரு நகக்கண் அளவு தங்கம், மெருகுக்கல் இவற்றைத் துணியில் சுற்றிக்கொண்டு ஹாஜியின் வீட்டுக்குப் போனார். ஹாஜி இல்லாத நேரம் பார்த்துத்தான் போனார். ஹாஜி இருந்தார்.

"என்ன சம்பந்தி, கையில?"

"கழுதையில ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு ஹாஜி."

"பேஷா செய்ங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பொட்டலத்தைப் பிரித்து மிட்டாய்த் துணுக்கு ஒன்றை வாயில் போட்டார்.

ஹெஷ்மத் மயிலை ஒரு திண்டில் சாய்த்தார். உளி முனையை வைத்தார். மகளின் கல்யாணம் மொத்தமும் அந்த முனையில் நின்றது. கழுதையின் இடது நாசியோரம் மூன்று கீறல், குறுக்கே மூன்று. கடுகில் பாதித் தங்கம். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, எஃகு கடித்துக்கொண்டது. கல்லால் தேய்த்ததும் கழுதையின் மூக்கோரத்தில் மரு மின்னியது. இனி ஹாஜிக்கு முகம் பார்க்கத் தனியாக ஒரு கண்ணாடி தேவையில்லை. கழுதைக்கும் ஹாஜிக்கும் காது நீளம் ஒன்றுதான் வித்தியாசம்.

ஹாஜி குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். இடது கை தானாக மேலே போய்த் தன் நாசியோரத்து மருவை உருட்டியது.

"இஸ்கந்தருக்கு மரு உண்டா என்ன? நான் கவனிச்சதே இல்லையே."

ஹெஷ்மத் மெருகுக்கல்லை எடுத்து, ஏற்கெனவே மின்னிய மருவை மறுபடி தேய்த்தார். வாசற்படியில் நின்ற மாஹ்ருக் கானூம்தான் பதில் சொன்னாள். "உண்டுங்க. உங்களுக்கு இருக்கே, அதே இடம்."

"அப்படியா?" ஹாஜி இன்னும் இரண்டு தடவை உருட்டினார். "இருக்கும், இருக்கும். அவன் மூஞ்சியை எவன் உத்துப் பார்க்கறான்? எனக்கு இருந்தா லட்சணமா இருக்கு. அவனுக்குப் பாரு, எவ்வளவு அசிங்கமா இருக்குன்னு."

நிச்சயதார்த்தம் சிறப்பாக நடந்தது. சர்பத் குடித்துச் சொல் மாற்றிக்கொண்டார்கள். ஃபரங்கீஸ் விரலில் மோதிரம் ஏறியது. கியூமர்ஸின் தலைவலி அத்தோடு நின்றது. அதன்பின் ஹாஜி ஒரு பூதக்கண்ணாடியோடு மயிலைச் சுற்றுக்கு விட்டார். கடைவீதிப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கழுதையைப் பார்த்தார்கள், ஹாஜியைப் பார்த்தார்கள், மறுபடி கழுதையைப் பார்த்தார்கள். மரியாதை தெரிந்த ஊர். "அப்படியே இஸ்கந்தர்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள்.

வேண்டுமென்றே அழைக்கப்பட்டிருந்த இஸ்கந்தரின் கைக்கும் மயில் வந்தது. ஹாஜி யதுல்லா எதிரே நின்று, புருவத்தைத் தூக்கி உதட்டைத் தள்ளிக்கொண்டு, அவர் முகம் கறுக்கும் கணத்துக்காகக் காத்திருந்தார். இஸ்கந்தர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நிமிர்ந்து எதிரே பார்த்தார். முகம் கறுக்கவில்லை; மெல்ல மலர்ந்தது. மயிலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்திருந்த ஹெஷ்மத்தின் பக்கம் வந்து காதோரம் குனிந்தார்.

"உஸ்தா, எனக்கும் ஒரு மயில் செய்யணும். இதே மூஞ்சி வேணும், கொஞ்சம் பெருசா. அக்கரையிலேருந்து வர்றது எனக்கொண்ணும் சிரமமில்லே. வேலை முடியற வரைக்கும் தினமும் வந்து பக்கத்துலயே உட்கார்ந்து எது எப்படி இருக்கணும்னு நானே சொல்லிடறேன்."

"உங்க இஷ்டம் ஹாஜி" என்றார் ஹெஷ்மத்.

கை மட்டும் லேசாக அரித்தது.